மூச்சு கேட்ட காது

எல்லாருக்கும் வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறதா? ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டது. மூட்டுவலிக்காரர்கள் காலை மூடிப் படுங்கள். எனக்கு அந்த மூச்சு இழுப்புதான், மற்றபடி குறையில்லை.

பழைய ரெக்கார்டில் பாட்டு நன்றாக இருக்குமா, போனிலா என்று போன வாரம் இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். ஆளுக்கொன்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்தது என்று எழுத வேண்டும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெயர் திம்மப்பன். இங்கே ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கிற இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர் இப்போது நாம் கத்தினால்தான் திரும்புவார்கள். இவர் மட்டும் சேர்ந்த நாளிலிருந்து காதில் பஞ்சு அடைத்து, மேலே கம்பெனி கொடுத்த காதுமூடியும் போட்டுக்கொண்டார். பஞ்சு திம்மப்பன் என்று கேலி செய்தார்கள்.

"சிரிங்கடா. சாயங்காலம் எனக்குப் பாட்டு கேக்கணும்" என்பாராம்.

ராயக்கோட்டைத் தக்காளியை அமுக்கிப் பார்க்காமல் வாங்கி வருகிற மனுஷன், பெங்களூரில் ரெக்கார்டு வாங்கும்போது மட்டும் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். வீட்டில் அவர் ரெக்கார்டைத் துடைக்கிற துணியை நான் தொடக் கூடாது.

மாடிக்கு நிர்மலா குடிவந்தாள். கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, தனியாள். கெட்ட பெண் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் போன் கட்சி. சாயங்காலமானால் இறங்கி வந்து இவரோடு வம்பு வளர்ப்பாள்.

"கரகரன்னு சத்தம் வந்தா அது ரெக்கார்டுன்னு யார் வேணா சொல்லிடுவாங்க, அண்ணா. இதுல என்னா பெருமை?"

ஒருநாள் அவருடைய ரெக்கார்டையே அந்தக் கரகரப்போடு போனில் பதிந்து வந்தாள். அவரைச் சுவர் பக்கம் திரும்பி உட்கார வைத்து, ஒரே ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாள். அவர் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

"எப்படிண்ணா?"

"அந்த அடிக்கு முன்ன பாடறவ மூச்சு எடுக்கறா பாரு. ரெக்கார்டுல அது பக்கத்துல இருக்குது. போன்ல கழுவி வச்ச பாத்திரமாட்டம் இருக்குது."

நிர்மலா கண்ணை மூடிக் கேட்டாள். "ஆமாண்ணா, கேக்குது" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் அங்கேதான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இழுப்பு அதிகம். நிர்மலாதான் கவனித்தாள். "அக்காவுக்கு இழுக்குதேண்ணா."

அவர் திரும்பாமலே சொன்னார். "கொஞ்சம் உள்ள போய் உக்காரு, வெங்கடம்மா. பாட்டுல கலக்குது."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். கோபமெல்லாம் இல்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் அவர் காதுக்கு நான்தான் எண்ணெய் விடுவேன். அவர் தலை என் மடியில் இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அந்த வாரம் வேலியோரத்து இலை ஒன்றின் சாற்றையும் எண்ணெயில் சேர்த்தேன். குளிர்ச்சி என்று யாரோ சொன்னது. வேண்டுமென்று செய்ததில்லை. என்ன இலை என்று எழுதமாட்டேன், யாராவது செய்து பார்த்துவிடப் போகிறீர்கள்.

வலது காதில் சீழ் வைத்தது. வலி போனபோது சத்தமும் போயிருந்தது. அப்போதுதான் அவர் முதல்முறையாக என் பக்கம் முழுசாகத் திரும்பி, "என்னா சொன்ன?" என்று கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நிர்மலா வந்தால் இடது காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அவளும் அந்தப் பக்கமே உட்கார்ந்தாள்.

கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போனேன். அவரைப் பரிசோதனை அறைக்கு அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் கேட்டார்.

"எங்க வேலை பாத்தாரு?"

"பிரஸ் ஷாப்ல, சார்."

"அப்ப கேக்கவே வேணாம். காதுக்கு ஏதாச்சும் விடறீங்களா?"

"எண்ணெய்தான் சார், லேசா."

"இனி ஒரு சொட்டுகூட விடாதீங்கம்மா. இன்னொரு காதாச்சும் மிஞ்சட்டும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் கேட்டார். "டாக்டர் என்னா சொன்னாரு?"

"நல்லா இருக்கற காதுக்கும் எண்ணெய் விடச் சொன்னாருங்க."

அடுத்த சனிக்கிழமை என் மடியில் இடது காதைக் காட்டிப் படுத்தார். அதே இலையைத்தான் கசக்கினேன். சத்தம் மங்க மங்க அவரே கேட்டார். "இன்னும் ரெண்டு சொட்டு விடு, வெங்கடம்மா. தெளியுதா பாப்பம்." கேட்டபோதெல்லாம் விட்டேன். நான் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

ஒருநாள் நிர்மலா போனில் ஒன்று, ரெக்கார்டில் ஒன்று போட்டாள். அவர் ரெண்டும் போன் என்றார். அவள் எழுந்து மாடிக்குப் போனவள், பிறகு சாயங்காலங்களில் இறங்கி வரவில்லை. வீட்டையும் காலி செய்துவிட்டாள். இவர் காது எப்படிப் போனது என்று விசாரிக்கிறவர்களிடம் பிரஸ் ஷாப் என்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.

அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது நான் பேசினால் என் உதட்டையே பார்க்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை. எங்களைப் போல ஒற்றுமையான வீடு இந்த லேஅவுட்டில் இல்லை என்கிறார்கள்.

நேற்றுப் பால் காய்ச்சிவிட்டு வந்து பார்த்தேன். ரெக்கார்டை ஓடவிட்டு, பெட்டியின் மேல் பத்து விரல் நுனியையும் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "மேளம் வர்ற எடம் தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் எதிரில் நின்று பேசினேன். கண் திறக்கவே இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது விரல் நுனி மரத்துப்போயிருக்கிறதா? எதனால் வந்தது, எப்படி ஆரம்பித்தது என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் எழுதினால் நல்லது.