மர வாசனை தூக்கலாக ஒரு பாட்டில்

மாமனார்: என்ன மாப்ள, கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு சாமி கும்பிடுறீங்களா? குடிங்க.

மருமகன்: இல்ல மாமா... உங்க முன்னாடி எப்படி...

மாமனார்: அட, இந்தச் சமையல்கட்டுல நீங்க, நான், ஃபிரிட்ஜ். வேற யாரு இருக்கா?

மருமகன்: ஃபிரிட்ஜ் போட்டுக்குடுக்காதுல்ல?

மாமனார்: அது முனகும், அவ்வளவுதான். இது போர்பன் விஸ்கி. உள்பக்கம் கருக்கின ஓக் மரப் பீப்பாய்ல ஊற வச்சதாம். விலையும் அடக்கம்.

மருமகன்: அடக்கம்னா?

மாமனார்: உங்க அத்தைக்குத் தெரிஞ்சாலும் என்னை உயிரோட விட்டுடுவா.

மருமகன்: சரி... ஒரு வாய்.

மாமனார்: ஒரே மடக்குல கவுத்துடாதீங்க! முதல்ல மோந்து பாருங்க. ஓட்டல் சமையலையே நடத்துறவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?

மருமகன்: ம்... நல்லாருக்கு.

மாமனார்: என்ன வாசனை?

மருமகன்: அது... விஸ்கி வாசனைதான்.

மாமனார்: அடேங்கப்பா, பெரிய கண்டுபிடிப்பு! இன்னொரு தடவை. வாயை லேசாத் திறந்து வச்சுக்கிட்டு... மெதுவா.

மருமகன்: இப்படியா... அட!

மாமனார்: என்ன மாப்ள?

மருமகன்: இருங்க மாமா... பேசாதீங்க.

மாமனார்: பேசல.

மருமகன்: பலகை... புதுசா இழைச்ச பலகை.

மாமனார்: ஆங்!

மருமகன்: சர்க்கரை கருகுது மாமா. கசப்புத் தட்டுறதுக்குச் சித்த முன்னாடி இறக்கின பதம். பின்னாடியே வெனிலா... மாமா, வெனிலா!

மாமனார்: கத்தாதீங்க. எதிர்வீட்டுக்காரர் கிளாஸோட வந்துடுவாரு.

மருமகன்: நாக்குல இனிப்பு... தொண்டையில பால் ஊத்தாத டீ மாதிரி துவர்ப்பு. மரம் கொஞ்சம் ஓவர்தான். ஆனா என்ன ஒரு சரக்கு!

மாமனார்: விலை கூடினதெல்லாம் நாசூக்கா எட்டிப் பார்க்கும். இது கதவைத் தட்டாம உள்ள வர்ற ஆளு.

மருமகன்: வரட்டும் மாமா... நல்லா வரட்டும்.

மாமனார்: கண்ணு ஏன் கலங்குது? காட்டமா?

மருமகன்: இல்ல... யார்கிட்டயும் சொல்லல மாமா. என்னைப் படுக்கையில போட்டுச்சே, அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையே செத்துப்போச்சு. வெங்காயம் தீஞ்சாக்கூட புகையைப் பார்த்துதான் தெரிஞ்சுக்குவேன். கூட வேலை செய்யறவங்களை ருசி பார்க்கச் சொல்லி, அவங்க மூஞ்சியைப் பார்த்து உப்பு போடுவேன். வேலை போயிடுமோன்னு பயம். உங்க பொண்ணுகிட்டகூட மூச்சு விடல. இப்ப... இந்த கிளாஸ்லதான்...

மாமனார்: ம்.

மருமகன்: என்ன மாமா, வெறும் ‘ம்’மா?

மாமனார்: பால் அடிபிடிச்சு வீடே நாறினப்ப, பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சீங்களாமே. அன்னிக்கே என் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு. நேரா கேட்டா உடைஞ்சுடுவீங்கன்னு, ‘நீ போப்பா, ஏதாவது சாக்குல மோந்து பார்க்க வை’ன்னு என்னை ஏவிவிட்டதே அவதான். போன தடவை நான் கொண்டுவந்த சோப்பு, அதுக்கு முன்னாடி சென்ட்டு, எல்லாம் அதுக்குத்தான். ஒண்ணும் பலிக்கல. இன்னிக்குத்தான் கடையில, இருக்கறதுலயே வாசனை தூக்கலா எதுன்னு கேட்டு வாங்கினேன்... அட, அழாதீங்க மாப்ள. மூக்கு அடைச்சுக்கப்போகுது.