பச்சையையும் கறுப்பையும் முறுக்கினா போதும்

— சுத்துதா மாப்பிள்ளை?

— எங்க சுத்துது! டப்பாக்குள்ள ஃபேன் அசையக்கூட மாட்டேங்குது மாமா. பிளக் சரி, ஃபியூஸ் சரி, சுவர்ல கரன்ட் இருக்கு. இது மட்டும் கல்லு மாதிரி கிடக்கு. எனக்கு ஒண்ணும் புரியல.

— ஒரு திருத்தம். இது என்னன்னே எனக்கு இன்னும் புரியல. பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டின டப்பாங்கறீங்க. கம்ப்யூட்டரே போயாச்சு, டப்பா எதுக்கு?

— கம்ப்யூட்டருக்கு கரன்ட் குடுத்த பவர் சப்ளை மாமா. பன்னண்டு வோல்ட், அஞ்சு வோல்ட், எல்லாம் இந்த ஒயர்கள்ல வருது. நான் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர்னு எதையாவது செஞ்சு பார்க்கும்போது பேட்டரி வாங்கி மாளல. இதை மேஜை மேல வச்சுட்டா அந்தத் தொல்லை விட்டுது.

— மருந்துக்கடைக்காரருக்கு எதுக்கு இந்த வேலைன்னு என் பொண்ணு கேட்டா?

— கேட்கச் சொல்லுங்களேன்! கேட்டா சந்தோஷப்படுவேன். என்கிட்ட வாயைத் திறந்து இருபத்திரண்டு நாளாச்சு.

— தெரியும். அதுக்குத்தானே வந்தேன்.

— வந்து மூணு நாளாச்சு மாமா. ஒயரைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நிக்கறீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை பேசல.

— பேசறேன், பேசறேன். முதல்ல இதைச் சுத்த வைங்க.

— சரி, முதல்லேர்ந்து வருவோம். இந்த டப்பா தானா ஓடாது. கம்ப்யூட்டர் உத்தரவு போடணும். இப்ப கம்ப்யூட்டர் இல்ல. அதனால பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கினா, உத்தரவு வந்துடுச்சுன்னு நினைச்சு ஓடும். முறுக்கினீங்களா?

— முறுக்கி, டேப் சுத்தி, அழுத்தியும் வச்சேன்.

— சிகப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல ரெசிஸ்டர் நான் சால்டர் பண்ணேன். சில சப்ளை சும்மா விட்டா அணைஞ்சுடும், அதுக்காக. எல்லாம் செஞ்சாச்சு. அப்புறமும் ஏன்? என் ராசி. சமையல்கட்டுல ஒருத்தி சொல்றாளே, என் வம்சமே அப்படின்னு.

— கோவத்துல சொல்றது.

— கோவம் வராதா? பையன் ரயில் ஓட்டணும்னு எட்டு வயசுலேர்ந்து சொல்லிட்டிருந்தான். எழுத்துப் பரீட்சை பாஸ், நேர்ல பேசினதும் பாஸ். கண்ணு டெஸ்ட்ல, உனக்குச் சிகப்பும் பச்சையும் பிரிக்கத் தெரியலப்பான்னு அனுப்பிட்டாங்க. நான் கடையில மாட்டிக்கிட்டேன், அவதான் கூடப் போனா. திரும்பி வந்ததும், 'இது அப்பா வழியா வர்றதாம், டாக்டர் சொல்லிட்டார், உங்க வம்சத்தால என் பிள்ளை வாழ்க்கை போச்சு'ன்னா. அதோட கதவு சாத்தியாச்சு. நான் ஹால்ல படுத்துக்கறேன்.

— ம்.

— நானும் விசாரிச்சுப் பார்த்துட்டேன் மாமா. பெரியப்பாவுக்கு போன் போட்டு, உங்க வீட்டு ஜன்னல் திரை என்ன கலர்னு கேட்டேன். மெனக்கெட்டு எழுந்து போய்ப் பார்த்துட்டு, 'பச்சை, ஏன், யாருக்கு வேணும்?'ன்னார். எங்கப்பாவோட தங்கச்சி, அத்தைகிட்ட, தக்காளி பழுத்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுப்பீங்கன்னு கேட்டேன். அமுக்கிப் பார்ப்பேன்னாங்க. ஒரு நாள் பூரா அவங்க மேல சந்தேகம். கடைசியில செத்துப்போன சித்தப்பாதான் மிச்சம். ரோஸ் கலர்ல பேன்ட் போடுவார். அவராத்தான் இருக்கணும்.

— பாவம், அவரை விடுங்க.

— விட்டேன். பிளக்கைப் பிடுங்கியாச்சு, அந்த டேப்பைப் பிரிங்க, பார்ப்போம்... மாமா, இது காப்பி கலர்.

— எது?

— நீங்க கறுப்போட முறுக்கி வச்சது. பச்சை அதோ, அட்டையில வரிசையா கோத்து வச்சேனே, அங்கேயே நிக்குது.

— கை மாறியிருக்கும்.

— அதான் ஓடல! அப்பாடா. சரி, பச்சையை எடுங்க.

— இந்தாங்க.

— இது ஆரஞ்சு.

— கண்ணாடி போடல மாப்பிள்ளை.

— மூக்கு மேல இருக்கறது என்ன?

— ஒரு திருத்தம், மாப்பிள்ளை. உங்க சித்தப்பா இல்ல. நான்.

— நீங்க என்ன? புரியல.

— அச்சகத்துல முப்பத்தஞ்சு வருஷம் புரூஃப் பார்த்தேன். ஏன் அந்த வேலைன்னு யாரும் கேட்டதில்ல. வெள்ளைத்தாள், கறுப்பு எழுத்து. அதுல என்னை எவனும் கண்டுபிடிக்க முடியாது.

— உங்களுக்கு இருந்தா அவனுக்கு எப்படி? அப்பா வழின்னுதானே டாக்டர் சொன்னார்!

— அப்பாகிட்டேர்ந்து பையனுக்கு இது வராது. தாத்தாகிட்ட வாங்கி, பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கறது பொண்ணு. அவ கண்ணு நல்லாத்தான் இருக்கும். ஒரு கண் டாக்டர் எழுதின புத்தகம் எங்க அச்சகத்துக்கு வந்துச்சு. ஏழாவது அத்தியாயம். எங்கயாவது பிழை இருக்காதான்னு நாலு தடவை படிச்சேன். ஒரு ஒற்றுப்பிழைகூட இல்ல. அப்ப அவ மாசமா இருந்தா.

— இருபத்திரண்டு வருஷமா தெரியுமா? தெரிஞ்சுமா மூணு நாளா என்கூட ஒயர் பிடிச்சீங்க? நான் ஹால்ல கொசுக்கடி வாங்கிட்டு, ஊர்ல இருக்கறவங்க திரைச்சீலையெல்லாம் விசாரிச்சுட்டிருக்கேன்!

— பயம் மாப்பிள்ளை. எனக்கு ஒரே பொண்ணு. இனிமே என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டா? நாக்கு நுனி வரைக்கும் வருது, முழுங்கிடறேன். இப்ப சொல்லிடறேன். கூப்பிடுங்க அவளை.

— இருங்க, இருங்க. அப்ப டாக்டர் ஏன் மாத்திச் சொன்னார்?

— அழுதுக்கிட்டே கேட்டிருப்பா. குழம்பியிருப்பா.

— எனக்குத்தான் தலை சுத்துது. அந்த ஃபேன் சுத்தாததுக்கும் சேர்த்து... வேணாம் மாமா. சொல்லாதீங்க.

— என்னது?

— தன் வழியாத்தான் பிள்ளைக்குப் போச்சுன்னு தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவா. என்மேல கோவம்னா என்னிக்காவது ஆறும். தன்மேலயே கோவப்பட்டா அதை யார் ஆத்தறது? சித்தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். செத்தவர், கோவிச்சுக்க மாட்டார்.

— மாப்பிள்ளை, நீங்க...

— கண்ணைத் துடைங்க, அவ வர்றா. ஒயரைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ வேலை செய்யற மாதிரி நில்லுங்க. ம்... மாமா, அந்தப் பச்சையை எடுங்க, பச்சை!

— இதோ, எடுக்கறேன்... இதுவா?

— ஏங்க, அவர்கிட்டப் போய் பச்சை, சிகப்புன்னா எப்படி எடுப்பார்? அந்த ஓரத்துலேர்ந்து நாலாவதுன்னு எண்ணிச் சொல்லுங்க. ஆறு வயசுலேர்ந்து அப்பாவுக்கு நான் அப்படித்தான் சொல்றேன்.