காலிக் கட்டம்

என் கையெழுத்தை மருந்துக்கடைப் பெண்ணே பாராட்டியிருக்கிறாள். டாக்டர்களில் அது அரிது. எதையும் தெளிவாக எழுதி வைப்பது என் சுபாவம்.

ஷிப்டு மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்க ஒரு தாளை நான்தான் தயாரித்தேன். ஐந்து கட்டங்கள். அதில் ஒன்று, ஒவ்வாத மருந்து. மூன்று மாதம் உட்கார்ந்து செய்தேன். இளைய டாக்டர் ஒருவனுக்கு மட்டும் அது வேப்பங்காயாகக் கசந்தது. தோளில் பையை மாட்டிக்கொண்டு, வார்டு வாசலில் நின்றபடியே வாயால் ஒப்படைப்பான். அதனால் அவனுக்கு நான் வைத்த பெயர் வாசற்படி.

"சார், உங்க தாளப் பாத்தா பரீட்சை எழுதுற மாதிரியே இருக்கு" என்றான் ஒருநாள். செவிலியர் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அன்று பகல் இரண்டு மணி. வழக்கம்போல வாசலில் நின்றான்.

"ஏழாம் பெட் பஸ் டிரைவருக்குப் பென்சிலின் ஒத்துக்காதாம் சார். அவரு சம்சாரம் இப்பதான் சொன்னாங்க. காலைல நான் அதத்தான் எழுதிட்டேன், நாலு மணிக்குப் போடுற முதல் ஊசிய நிறுத்திடுங்க."

தலையாட்டினேன். அவன் போனதும் தாளைப் பார்த்தேன். ஒவ்வாத மருந்துக் கட்டம் காலி. நானே நிரப்பியிருக்கலாம், அரை நிமிட வேலை. ஆனால் அவன் விட்டதையெல்லாம் நான் பூசி மெழுகிக்கொண்டே இருந்தால் இந்த ஆஸ்பத்திரி எப்போது திருந்தும்?

நான்கு மணிக்குச் செவிலி வந்தார். டிரைவரின் மனைவி அப்போது கீழே போயிருந்தார்.

"ஊசி போட்டுடலாமா சார்?"

"தாள்ல வேணாம்னு இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் என்ன, போடுங்க."

ஆஸ்பத்திரி விசாரணையில் வாசற்படியின் வேலை போனது. மறுவாரமே என் தாள் எல்லா வார்டிலும் கட்டாயமானது. அதன் பிறகு எவனும் வாசலில் நின்று பேசுவதில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர்.

டிரைவரின் மனைவி உங்களிடம் புகார் கொடுப்பதற்கு முன் என்னைத் தேடி வந்தார். "அந்தச் சின்ன டாக்டர் சொன்னது பக்கத்துல நின்ன என் காதுலயே விழுந்துச்சே, உங்க காதுல விழலையா?" என்று கேட்டார். அவரிடம் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஒரு சொல் விடாமல் விழுந்தது.

அன்று ஊசி போட்டு டிரைவருக்கு மூச்சுத் திணற ஆரம்பித்ததும் செவிலி அலறினார். காப்பாற்றும் மருந்து என் கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. நான் முதலில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நகல் எடுக்கப் போனேன். அந்தக் களேபரத்தில் யாராவது கட்டத்தை நிரப்பிவிட்டிருந்தால், பாவம், அந்த மனிதர் வீணாகச் செத்திருப்பார்.