பச்சை எழுத்தில் ரேகா

– கைய ஆட்டாதடி ரேகா. இந்தப் பட்டைக்கு பேட்டரி மாத்தணும்னு உங்க செல்வம் அண்ணா கூப்ட்டாரு. அந்த சாக்குலதான் என்ன உள்ள வுட்டாங்கோ.

– எங்க கீது எங்கண்ணன்?

– கீழ்ப் படியில. போன மடியில வெச்சிகினு குந்திகினு கீறாரு.

– இப்ப அதான் அதுக்கு வேலையே. எழிலு, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்தப் பட்டைய நீதான செஞ்ச?

– நாந்தான்.

– என் கையில மாட்டறதுக்குன்னு தெரிஞ்சேவா?

– அடிப்பாவி! உங்கண்ணன் என் ரிப்பேர் கடைக்கு வந்து இன்னா சொல்லுச்சு தெரியுமா? அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப் பூட்சு, ஹார்பருக்குப் போனா வூட்டுக்கு வழி தெரியாம சுத்திகினு கீறாருன்னுச்சு. மனசு கேக்காம செஞ்சேன்டி. கழட்டி எறிஞ்சிடுவாரேன்னு வாருக்குள்ள ஒயரு வெச்சு, அறுத்தா போன் கத்தறா மாரி பண்ணதும் நாந்தான்.

– எங்கப்பாவுக்கா ஞாபகம் தப்பிச்சு? அவரு கல்யாணத்துல எவன் மொய் வெக்காம சாப்ட்டுப் போனான்னு இன்னிக்கிக் கேட்டாலும் சொல்லுவாரு.

– எனக்கு இன்னாடி தெரியும்.

– நாம பாலிடெக்னிக்ல இத இன்னாத்துக்குச் செஞ்சோம்? தீவுத்திடல் பொருட்காட்சிக் கூட்டத்துல ஒருத்திய ஒருத்தி தொலைச்சிடக் கூடாதுன்னு. நீ கிட்ட வந்தா என் கை குறுகுறுங்கும். போன்ல பச்சையா உம் பேரு வரும். ‘ஐ, எழிலு இங்கதான் எங்கயோ கீறா’ன்னு மனசு குதிக்கும்.

– இதுவும் அதே சாப்ட்வேர்தான். தலகீழா திருப்பிப் போட்டேன். கிட்ட இருந்தா பச்சையா உம் பேர காட்டிகினு சும்மா இருக்கும், தூரம் போனா கத்தும்.

– தெருக் கோடியில கக்கூசுக்குப் போனாக்கூட கத்துச்சுடி. தெருவே சிரிச்சுது. அதுலருந்து நான் தண்ணியே குடிக்கறதில்ல.

– அய்யோ, ரேகா...

– வெள்ளிக்கிழம கல்யாணம். மாமன் மவனுக்கு சொந்தமா மீன்புடி போட்டு கீதாம், ராணியாட்டம் இருப்பேனாம். பெங்களூரு கம்பெனில நாளைக்கி சேரணும்னு வந்த ஆர்டர அப்பா என் கண்ணு முன்னாடியே கிழிச்சிப் போட்டாரு.

– கிழிச்சா கிழிக்கட்டும். நான் கம்பெனிக்கு போன் போட்டுப் பேசிட்டேன். ஆள் வந்தா போதும்னாங்கோ. சென்ட்ரல்ல நம்மகூட படிச்ச சாபிரா டிக்கெட்டோட நிக்கறா.

– எழிலு!

– மெதுவா பேசு. வாசலுக்கு முதுக காட்டி உக்காரு. வாருல ரெண்டு பக்கமும் ஒயர உரிச்சு, நடுவுல வேற ஒயரு குடுத்து சேத்துட்டேன். இப்ப வார அறுத்தாலும் நீ போட்டுகினு கீறன்னுதான் அது நெனச்சிக்கும்.

– கத்திச்சுன்னா?

– மூச்ச புடிச்சிக்கோ. கத்திரிய வெக்கறேன்... ம். அவ்ளோதான்.

– கத்தல.

– கத்தல.

– கை இன்னாடி இவ்ளோ லேசா கீது?

– ரயில்ல குந்திகினு தடவிப் பாத்துக்கோ. இப்ப மொட்ட மாடி வழியா பக்கத்துல பச்சையம்மா அக்கா வூட்டுப் படியில எறங்கு. மீன் ஏலம் முடிச்சிட்டு வந்து தெருவே தூங்குது.

– நீ?

– நான் இங்கயே குந்தி உங்கூட பேசிகினு இருக்கேன்.

– நான் இல்லாமயா?

– நீ இருந்தா மட்டும் உன்ன பேச வுட்டேனா? போடி.

– தெரிஞ்சா உன்ன சும்மா வுட மாட்டாங்கோடி.

– என் கையால மாட்னது, என் கையாலயே அறுத்துட்டேன். மத்தத நான் பாத்துக்கறேன். அழாத, சத்தம் கேக்கும். போ.

– வரேன்டி.

– வராத. போ.

– அப்பறம் ரேகா, கல்யாணப் பொடவ இன்னா கலரு? ...அரக்குக் கலரா? உனக்கு எடுப்பா இருக்கும்டி. ...ஐய, இதுக்கு யாராச்சும் மூஞ்ச தூக்குவாங்களா? ...நம்ம பாலிடெக்னிக் சுப்பராயன் சார் இல்ல, அவுருக்கும் பத்திரிக வெச்சிட்டியா?

– எழிலு.

– அண்ணா! உள்ள வராதீங்கோ. ரேகா பொடவ மாத்திகினு கீறா.

– வந்துட்டேம்மா.

– அண்ணா... கத்தாதீங்கோ. எல்லாம் நாந்தான். அடிக்கறதுன்னா என்ன அடிங்கோ, அவ மேல தப்பில்ல.

– எந்தப் பக்கமா போனா?

– மொட்ட மாடி.

– அந்தக் கதவுக்கு அப்பா நேத்தே பூட்டு போட்டுட்டாரு. இப்ப சாவியும் பூட்டும் என்னாண்டதான் கீது.

– அப்ப அவ எப்டிண்ணா போனா?

– பேச்ச நிறுத்தாதம்மா. கீழ அப்பா காது குடுத்துகினு கீறாரு.