சுருதி கொடுத்தவன்

தொண்டைக்கு அகேசியாத் தேனை மிஞ்சியது எதுவும் இல்லை. நீங்களும் ஒரு கரண்டி விட்டுக்கொள்ளுங்கள். வானொலிக்காரருக்கும் தொண்டைதானே சோறு போடுகிறது. எங்கள் ரிகோ குழுவின் பொற்காலத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்தீர்கள். அதை உண்டாக்கியவனே நான்தான்.

நாங்கள் ஆறு ஆண்கள். பக்கவாத்தியம் கிடையாது. புடாபெஸ்டில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடுங்கிக்கொண்டே பாட ஆரம்பித்தோம். முதல் பத்து வருடம் மேல்குரல் என்னுடையது. அதன்பிறகு, விலகிப்போன ஒருவரின் இடத்துக்கு லோராந்த் வந்து சேர்ந்தான். என்னைவிட ரொம்ப இளையவன், வாயாடி, எல்லாருக்கும் செல்லம்.

ஒரு வசந்தத்தில் செகெத் நகரக் கச்சேரி முடிந்து மீன் சூப் சாப்பிட உட்கார்ந்தோம். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மேஜையில் ஏதோ பேசி முடித்திருந்தார்கள். எங்கள் தலைவரும் அடிக்குரல்காரருமான பர்னபாஷ் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"வெந்தெல், உன் குரல் மேல போறப்ப நடுங்குதுப்பா. இனிமே அதை லோராந்த் பாடட்டும். நீ நடுக்குரலுக்கு வந்துடு. சுருதி குடுக்கிற வேலையும் இனிமே உனக்குத்தான்."

லோராந்த் என் முதுகில் தட்டினான். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத பெருசு. நீ 'ம்'னு சொல்லாம நாங்க வாயத் திறக்க முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் இடத்தைப் பிடுங்கியதுமில்லாமல் ஆறுதல் வேறு சொல்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவன் இனி வாழ்நாளில் பாடக் கூடாது என்று அந்த மேஜையிலேயே முடிவு செய்தேன். அதன்பிறகு சூப் நன்றாகவே இறங்கியது.

சுருதி கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இசைக்கவையை முட்டியில் தட்டிக் காதோரம் வைத்து, பாட்டு தொடங்கும் இடத்தைப் பிடித்து, மெல்ல முனக வேண்டும். இசைக்கவையின் சத்தம் என் காதுக்கு மட்டும். மற்ற ஐந்து பேருக்கும் என் முனகல்தான் வேதம். அந்த இலையுதிர் காலத்தில் அதை ஒரு மயிரிழை ஏற்றினேன். யாரும் கவனிக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்து இன்னொரு மயிரிழை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பழகின காதுக்கும் தெரியாது. தொண்டைக்குத்தான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், கூட்டம் எங்களைக் கொண்டாட ஆரம்பித்தது. குரலில் புதுப் பளபளப்பு ஏறியிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. வியன்னாவில் கூப்பிட்டார்கள், இசைத்தட்டுகள் வந்தன. நீங்கள் கேட்டு வளர்ந்தது அதைத்தான்.

"இப்பல்லாம் அடி ஸ்வரம் வெண்ணெயா வழுக்கிட்டு வருதுடா, என்ன மாயமோ" என்று பர்னபாஷ் பூரித்துப்போவார். ஏன் வராது? அவர் முன்பு போல அவ்வளவு கீழே இறங்க வேண்டியதே இல்லை. மேலே மாட்டிக்கொண்டு திணறியவன் லோராந்த்.

"என்னமோ தெரியல பெருசு, மேல போனாலே கழுத்த நெரிக்குது" என்பான்.

"தூக்கம் பத்தாது தம்பி. தேன் சாப்பிடு" என்று நானே கலக்கிக் கொடுப்பேன். அவன்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் குளிர்காலத்தில் எகெர் நகரத் தேவாலயத்தில் பாடப் போனோம். தொடங்குவதற்கு முன் லோராந்த் என்னைத் தனியாக அழைத்துப் போனான். அன்று அவன் பெருசு என்று கூப்பிடவில்லை.

"வெந்தெல் அண்ணே, தொண்டையில ரத்தம் கட்டியிருக்காம். டாக்டரம்மா பாடவே கூடாதுன்னுட்டாங்க. சீட்டு பூரா வித்துப்போச்சு, இப்ப எப்படி நிறுத்துறது? இன்னிக்கு மட்டும் அரை ஸ்வரம் இறக்கிக் குடுங்க. உங்க காதைத்தான் நம்பியிருக்கேன்."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மேடையில் இசைக்கவையைத் தட்டினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த இடத்திலிருந்து இன்னும் அரை ஸ்வரம் ஏற்றி முனகினேன். கூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு யாரும் மறுபடி கேட்க முடியாது. அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் பாடினான். பாட்டின் கடைசிப் பக்கத்தில் துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்தது. அவன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டான். மீதியை நாங்கள் ஐந்து பேரும் பாடி முடித்தோம். கைதட்டல் நன்றாகவே இருந்தது.

அறுவைசிகிச்சை செய்து பார்த்தார்கள். குரல் திரும்பவில்லை. மேல்குரல் என்னிடமே வந்தது. அடுத்த கச்சேரியிலிருந்து சுருதியைச் சரியான இடத்துக்கே இறக்கிவிட்டேன். எனக்கும் தொண்டை இருக்கிறதல்லவா?

போன புத்தாண்டுக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி பருப்பு சாப்பிட பர்னபாஷ் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் செகெத் விஷயத்தை எடுத்தார்.

"உனக்குத் தெரியுமோ என்னமோ. அன்னிக்கு உன்னைக் குழுவை விட்டே அனுப்பிடலாம்னுதான் நாங்க பேசினோம். லோராந்த்தான் ஒத்துக்கல. அவர் போனா நானும் போறேன்னுட்டான். சுருதிய அவர்கிட்ட குடுங்க, அந்த மாதிரி காது யாருக்கு இருக்குன்னு சொன்னதும் அவன்தான்."

பர்னபாஷுக்கு வயதாகிவிட்டது. ஞாபகம் பிசகுகிறது.

ஞாயிறுதோறும் லோராந்தைப் பார்க்கத் தேன் வாங்கிக்கொண்டு போகிறேன். குழுவில் வேறு யாரும் போவதில்லை, நான்தான் போகிறேன். நான் உட்கார்ந்ததும் அவன் அலமாரியில் எங்கள் பழைய இசைத்தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் ஓர் இசைக்கவையை எடுப்பான். முட்டியில் தட்டி என் காதருகே நீட்டி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பான். நான் அந்த ஸ்வரத்தை முனகிக் காட்டுவேன். இப்போதெல்லாம் ஒரு மயிரிழைகூடப் பிசகுவதில்லை. அவன் கண்ணில் நீர் முட்டும். பழைய கச்சேரிகளை நினைத்துக்கொள்கிறான் போலிருக்கிறது.