பதினேழாம் புள்ளி

அக்கா: மழுப்பாதடா. ரெண்டு மாசமா உங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் என் ஆராய்ச்சி டேக்கைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியிறீங்க. பதினேழாம் நம்பர் யாருன்னு உனக்குத் தெரியாதா?

தம்பி: நான் என்ன எல்லார் கழுத்தையும் பாத்துக்கிட்டா இருக்கேன்? உன்கிட்டதானே எல்லாம் இருக்கு, நீயே பாத்துக்கயேன்.

அக்கா: எனக்குப் பேரு தெரியக் கூடாது, அது விதி. எந்த நம்பர் எந்த நம்பர் பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு மட்டும்தான் டேக் சொல்லும். மத்தபடி எல்லாரும் எனக்கு வெறும் புள்ளிதான்.

தம்பி: கூடப்பொறந்தவனுமா?

அக்கா: நீ பொறந்ததுலேர்ந்தே புள்ளிதான். இங்க ஸ்கிரீனைப் பாரு. முதல் வாரம் எல்லாப் புள்ளியும் சிதறிக் கிடந்துச்சா...

தம்பி: கடுகு கொட்டின மாதிரி.

அக்கா: இப்பப் பாரு, கோடு கோடா சேந்துடுச்சு. எல்லாக் கோடும் எங்க போகுது? பதினேழுகிட்ட. என் மாடல் என்ன சொல்லுதுன்னா, சிநேகிதனோட சிநேகிதன் சீக்கிரமே நமக்கும் சிநேகிதன் ஆயிடுவான். கூட்டம் எங்கயோ அங்கதான் இன்னும் கூட்டம் சேரும். பேசாம விட்டா கோடு தேஞ்சு அறுந்துபோகும். எல்லாமே இந்த ஒரு ஆளைச் சுத்தி அச்சு அசலா நடக்குது.

தம்பி: ஆளா...

அக்கா: பின்ன என்ன, பேயா?

தம்பி: இல்ல, சும்மா... நீ சொல்லு.

அக்கா: தங்கமான ஆளுடா. தானாப் போய் யார்கிட்டயும் நிக்காது. ஆனா முதலாளியிலேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் அதுகிட்டதான் வந்து நிக்கிறாங்க.

தம்பி: பட்டனைத் தட்டினா... அதாவது, கேட்டா இல்லைன்னு சொல்லாத ஆளா இருக்கும்.

அக்கா: அப்ப உனக்குத் தெரியும்?

தம்பி: ஐயோ, ஒரு ஊகம்தான்க்கா.

அக்கா: ராத்திரிகூட வீட்டுக்குப் போறதில்ல. அப்படி ஒரு உழைப்பு.

தம்பி: கல்யாணம் ஆகாத ஆளா இருக்கும்.

அக்கா: போன மாசம் ஒரு வாரம் யாருமே அதுகிட்ட ஒட்டி நிக்கல. என்ன மனஸ்தாபமோ.

தம்பி: அப்ப ரிப்பேர்ல... உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்.

அக்கா: உடம்பு சரியில்லாத ஆளு ஆபீஸ்லயே ஏன்டா கிடக்கணும்?

தம்பி: ...கடமை உணர்ச்சி.

அக்கா: அந்த வாரம் மொத்த ஆபீஸும் முப்பத்தொண்ணு பக்கம் சாஞ்சிருச்சு. மனுஷ புத்தியப் பாத்தியா? ஆனா அந்த முப்பத்தொண்ணு இருக்கே, அது மட்டும் பதினேழை விட்டு ஒரு அடி நகரல. பகலும் ராத்திரியும் பக்கத்துலயே. நட்புன்னா அதான்டா.

தம்பி: முப்பத்தொண்ணா? அங்க யாரும்... ராத்திரியுமா?

அக்கா: நான் அளந்ததுலயே கெட்டியான கோடு அது. நாளைக்குக் காலையில பேராசிரியருங்க முன்னாடி அதைத்தான் காட்டப் போறேன். மூணு வருஷ உழைப்புடா. பதினேழு நிஜமான ஆளா இருந்தா எனக்குப் பட்டம். இல்லைன்னா... ஏன்டா முகம் வெளுக்குது?

தம்பி: அக்கா... தண்ணி இருக்கா?

அக்கா: இந்தா. குடிச்சுட்டுச் சொல்லு.

தம்பி: திட்டக் கூடாது.

அக்கா: திட்டுவேன். சொல்லு.

தம்பி: பதினேழு... எங்க ஆபீஸ் காபி மெஷின்.

அக்கா: ம்.

தம்பி: அதுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு ஆணி இருக்கு. அதுல மாட்டிவிட்டேன். டேக் என்னோடது.

அக்கா: ஏன்டா பாவி? கழுத்து வலிச்சுதா?

தம்பி: கழுத்துல போட்டிருந்தா நீ என்ன பாத்திருப்ப? மூலையில ஒரு தனிப்புள்ளி, ஒரு கோடுகூட இல்லாம. அங்க சேந்து ஒரு வருஷம் ஆகுது. என்கூட உக்காந்து சாப்பிட ஒரு ஆளு இல்லக்கா. அந்தப் புள்ளி யாருன்னு உனக்குத் தெரியாம இருக்குமா? அம்மாகிட்டச் சொல்லுவ. அது தினம் போன் போட்டு அழும். மெஷின்கிட்டன்னா எல்லாரும் வருவாங்களேன்னு...

அக்கா: என்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?

தம்பி: வெக்கமா இருந்துச்சு. இப்ப உன் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டேன்.

அக்கா: சரி, மூக்கைத் துடை. அது மெஷின்னு எனக்குக் காலையிலேயே தெரியும். டேக் யாரோடதுன்னுதான் தெரியல. பேராசிரியர்கிட்ட மத்தியானமே ஒப்புக்கிட்டாச்சு. ஆறு மாசம் தள்ளிப்போச்சு. எல்லாத்தையும் முதல்லேர்ந்து அளக்கணும்.

தம்பி: அப்ப இவ்வளவு நேரம் என்னை வச்சு...

அக்கா: ஒரு காபி மெஷினைத் தங்கமான ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். உன்னைக் கொஞ்ச நேரம் வறுத்தெடுக்கக் கூடாதா?

தம்பி: யாருக்கா சொன்னது?

அக்கா: முப்பத்தொண்ணு. காலையில ஒரு பொண்ணு வந்து ஒரே அழுகை. அவ டேக்கை ஆபீஸ் தண்ணி ஃபில்டர்ல மாட்டியிருக்கா.

தம்பி: ஃபில்டர்லயா? அது மெஷினை ஒட்டித்தானே... அதான் ஒரு அடி நகரலையா. யாரு அந்தப் பொண்ணு?

அக்கா: பதினேழு யாருன்னு தெரியாம போக மாட்டேன்னு சாயங்காலம் திரும்பி வந்து பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கா. கதவைத் திறந்து வச்சதே அதுக்குத்தான். வாம்மா, கேட்டுச்சுல்ல?

தம்பி: நீங்களா? தினம் ஜன்னலோரம் தனியா சாப்பிடுவீங்களே... யார்கூடயும் பேசப் பிடிக்காதவங்கன்னுல்ல நினைச்சேன்.

முப்பத்தொண்ணு: நானும் உங்களை அப்படித்தான் நினைச்சேன்.

தம்பி: அது சரி... கூட்டமெல்லாம் காபி மெஷின்கிட்டதானே? நீங்க ஏன் போயும் போயும் ஃபில்டர்ல மாட்டினீங்க?

முப்பத்தொண்ணு: முதல்ல அந்த ஆணியிலதான் மாட்ட வந்தேன். ஏற்கெனவே ஒண்ணு தொங்கிக்கிட்டிருந்துச்சு. என்னை மாதிரியே இங்க இன்னொரு ஆளு இருக்குன்னு, அன்னைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன்.