மோடத்துக்கு மண்ணெண்ணெய்

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவிட்டு, இன்டர்நெட் வரவில்லை என்று ஆறு மாதம் டெலிபோன் லைன்மேனைத் திட்டிய புத்திசாலி நான். அதனால்தான் மரக்காணம் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்ததும் தூக்கம் போய்விட்டது.

“மண்ணெண்ண ஊத்தித் தொடச்சேன் தம்பி, அப்பவும் லைன் எடுக்கல.”

சொன்னவர் உப்பளக்காரர். மடியில் துண்டு சுற்றிய குட்டிக் கம்ப்யூட்டர். பக்கத்தில், ஆரோவில்லில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருவர்.

“அய்யய்யோ, எதுக்குண்ணே மண்ணெண்ண?”

“உப்புக்காத்துல துருப்புடிச்சிருக்கும்னுதான். தண்ணி எறைக்கிற இஞ்சினுக்கு அப்படித்தானப்பா செய்றோம்?”

“இது துரு இல்லண்ணே. போன் லைன்ல நெட்டப் புடிக்கிற மோடம் உள்ள இருக்குது, அது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். அத ஓட்டுற டிரைவர் புரோகிராம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற லினக்ஸுக்கு இன்னும் வரல. வெளிய மாட்டுற மோடம் எங்கிட்ட இருக்குது, அது லினக்ஸ்ல ஓடும். நாளைக்கு வந்து மாட்டித் தர்றேன்.”

“நாளைக்கா? இன்னிக்கே வாப்பா. நெட்டுல மேகப் படம் பாக்கணும். மழை வர்றதா இருந்தா பாத்தியில இருக்கிற உப்பு மொத்தத்தையும் பொழுதுக்குள்ள வாரியாகணும்.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“ஏங்க, வானத்த அண்ணாந்து பாத்தா தெரியாதா?” என்றேன்.

உப்பளக்காரர் திரும்பினார்.

“மேல தெரியறதுக்குள்ள கீழ கரைஞ்சிடும்.”